டெக்சஸ்ல கிரிமினல் சார்ஜ் வந்தா அந்த பேப்பரை எப்படி படிக்கறது, டிஃபென்ஸ்னா என்ன: என் செல்ஃப் செக்கவுட் கேஸ்ல கத்துகிட்டது

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டாலஸ் பக்கத்துல ஒரு பெரிய கடை, செல்ஃப் செக்கவுட்ல நானும் வீட்டுக்காரரும் நிக்கறோம், பையன் தூக்கம் வந்து என் இடுப்புல அழுதுட்டு இருக்கான், கார்ட்டோட அடித்தட்டுல 139 டாலர் குக்கர் பாக்ஸ் ஒண்ணு. அதை அவர் ஸ்கேன் பண்ணிட்டார்னு நான் நினைச்சேன், நான் பண்ணிட்டேன்னு அவர் நினைச்சார். அவர் காரை எடுக்க முன்னாடி போயிட்டார், கார்டை தேய்ச்சு பில்லை வாங்கி கார்ட்டை தள்ளிட்டு கதவை தாண்டினது நான், அதனால திருட்டு கேஸ் என் பேர்ல.

ஏழு மாசம் கழிச்சு கேஸ் டிஸ்மிஸ் ஆச்சு. அந்த ஏழு மாசமும் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சதை நம்ம ஆளுங்களுக்கு தமிழ்ல எழுதி வைக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், ஏன்னா நான் தேடினப்ப ஒண்ணுமே கிடைக்கல. நான் வக்கீல் இல்ல. இது டெக்சஸ் சட்டம் மட்டும்தான், பக்கத்து ஓக்லஹோமா போனாலே வகையும் தண்டனையும் வேற. லாயர்கிட்ட போய் சரியான கேள்வி கேக்கற அளவுக்கு இது உதவும், லாயருக்கு பதிலா இது இல்ல.

ஸ்டெப் 1: கைல இருக்கற பேப்பர் என்னன்னு பாருங்க

எனக்கு விலங்கு போடல, ஒரு சைட்டேஷன் எழுதி குடுத்துட்டு போயிட்டாங்க. பாக்க அப்படியே டிராஃபிக் டிக்கெட் மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. நீங்க அதே கவுண்டில குடியிருந்தா, கிளாஸ் பி திருட்டு மாதிரி சில குற்றங்களுக்கு ஜெயிலுக்கு கூட்டிட்டு போகாம இப்படி சைட்டேஷன் குடுக்க போலீசுக்கு டெக்சஸ்ல அனுமதி இருக்கு. அதுல போட்டிருக்கற தேதில மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிக்கலன்னா வாரண்ட் வரும். காலண்டர்ல போடுங்க, வீட்ல ரெண்டு பேர் போன்லயும் போடுங்க.

அடுத்து குற்றத்தோட கிளாஸை தேடுங்க. மிஸ்டிமீனர்னா சின்ன வகை குற்றம், ஃபெலனின்னா பெரிய வகை. கிளாஸ் சி மிஸ்டிமீனர்னா 500 டாலர் வரைக்கும் ஃபைன் மட்டும், ஜெயில் கிடையாது. கிளாஸ் பின்னா 180 நாள் வரைக்கும் ஜெயில், 2,000 டாலர் வரைக்கும் ஃபைன். கிளாஸ் ஏன்னா ஒரு வருஷம், 4,000 டாலர். அதுக்கு மேல ஃபெலனி, அதுல ரொம்ப கீழ் படி ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 180 நாள்ல இருந்து 2 வருஷம். திருட்டுல பொருளோட விலைதான் கிளாஸை முடிவு பண்ணுது: 100 டாலருக்கு கீழ சி, 100ல இருந்து 750க்குள்ள பி, 750ல இருந்து 2,500க்குள்ள ஏ, 2,500 ஆனா ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. என் குக்கர் 139, அதனால பி. ஏற்கனவே ஒரு தடவை திருட்டுக்கு தண்டனை ஆகியிருந்தா 10 டாலர் பொருளுக்கும் கிளாஸ் பி போடலாம். ஒரே திட்டமா பல தடவை நடந்ததுன்னு காட்டினா எல்லா விலையையும் கூட்டி ஒரே சார்ஜா போடவும் சட்டம் இடம் குடுக்குது.

ஸ்டெப் 2: பணம் கட்டி முடிச்சிடாதீங்க

கிளாஸ் சி டிக்கெட்டை ஆன்லைன்ல ஃபைன் கட்டி முடிக்க முடியும். டெக்சஸ்ல அந்த பணத்தை கட்டறதே நோ கான்டெஸ்ட் (குற்றத்தை ஒத்துக்கல, ஆனா எதிர்த்து வாதாடவும் இல்ல) சொல்லி தண்டனை வாங்கிகிட்டதுக்கு சமம். 60 டாலர் பொருளுக்கு வந்த டிக்கெட்டை ‘விடு, கட்டிட்டு போலாம்’னு கட்டினா உங்க பேர்ல ஒரு திருட்டு தண்டனை நிக்கும். விசால இருக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஸ்டெப் 6ல சொல்றேன்.

இன்னொரு பேப்பரும் வரும், கடை சார்புல ஒரு லா ஆபீஸ்ல இருந்து ‘இவ்வளவு டாலர் கட்டுங்க’ன்னு லெட்டர். அது சிவில் விஷயம், அதுக்கு தனி சட்டம் இருக்கு. அதை கட்டினா கிரிமினல் கேஸ் போயிடும்னு நான் நம்பினேன். போகாது, ரெண்டும் தனித்தனி தண்டவாளம். லாயரை கேக்காம கட்டவும் வேண்டாம், பதில் எழுதவும் வேண்டாம்.

ஸ்டெப் 3: சார்ஜை துண்டு துண்டா வெட்டுங்க

கிளாஸ் ஏ, பி மிஸ்டிமீனர்னா கம்ப்ளெயின்ட் (சத்தியம் பண்ணி எழுதின புகார்), அதை வெச்சு அரசாங்க வக்கீல் போடற குற்றச்சாட்டு, அதாவது இன்ஃபர்மேஷன்னு ரெண்டு பேப்பர் ஃபைல் ஆகும், ஃபெலனின்னா கிராண்ட் ஜூரிங்கற பொதுமக்கள் குழு குடுக்கற குற்றச்சாட்டு, அதாவது இண்டைட்மென்ட், அதுல 12 பேர்ல 9 பேர் ஒத்துக்கணும். எல்லாமே ‘டெக்சஸ் மாநிலத்தின் பெயராலும் அதிகாரத்தாலும்’னு ஆரம்பிச்சு ‘மாநிலத்தின் அமைதிக்கும் கண்ணியத்துக்கும் எதிராக’ன்னு முடியும். முதல் தடவை படிச்சப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சு, ஒரு குக்கருக்கு மாநிலத்தோட கண்ணியமான்னு. அது எல்லா கேஸ்லயும் வர்ற வாசகம், மாநில அரசியல் சட்டமே போட சொல்ற வாசகம், அதுக்கு பயப்படாதீங்க. நடுவுல இருக்கறதுதான் முக்கியம்.

ஒரு நோட்டு எடுங்க (ஃபோன் ஆப் வேண்டாம், நோட்டுதான், அட்டைல ‘லாயருக்காக’ன்னு எழுதிக்கோங்க). பீனல் கோட்ல (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்ற சட்டம்) உங்க செக்‌ஷனை டெக்சஸ் சட்டசபையோட சொந்த வெப்சைட்லயே படிங்க. லாயர் விளம்பர பிளாக்கெல்லாம் வேண்டாம், பாதில பழைய டாலர் கணக்கே இருக்கு, 2015ல மாறினதை மாத்தவே இல்ல. மாநில சட்ட நூலகத்தோட கைடுங்க நல்லாருக்கு, இலவசம்.

என் செக்‌ஷன் 31.03. வெட்டினா இப்படி வரும்: ஒருத்தரோட பொருளை எடுத்துக்கணும், சட்டவிரோதமா எடுக்கணும், ஓனரோட உண்மையான சம்மதம் இருக்கக்கூடாது, ஓனர்கிட்ட இருந்து அதை பறிக்கணும்ங்கற எண்ணம் இருக்கணும். ஒவ்வொரு துண்டையும் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். ஒரு துண்டு விழுந்தாலும் கேஸ் விழும்.

நான் கடைசி துண்டுல போய் நின்னேன். எண்ணம். டெக்சஸ் சட்டத்துல மனநிலை நாலு: வேணும்னே, தெரிஞ்சே, ஆபத்து தெரிஞ்சும் அசட்டையா, தெரிஞ்சிருக்க வேண்டியது தெரியாம கவனக்குறைவா. நான் கவனமா இல்ல, அது உண்மை. ஆனா கவனமில்லாம இருந்தது திருட்டு ஆகாது.

ஸ்டெப் 4: டிஃபென்ஸ்னா என்ன

‘நான் பண்ணல’ன்னு சொல்றது மட்டும்தான் டிஃபென்ஸ்னு நினைச்சிட்டு இருந்தேன். டெக்சஸ்ல யாரு நிரூபிக்கணும்ங்கறதை வெச்சு பிரிச்சிருக்காங்க, இது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி.

முதல்ல, மேல சொன்ன துண்டுல ஏதோ ஒண்ணு இல்லைன்னு காட்டறது. இதுல நீங்க ஒண்ணுமே நிரூபிக்க வேண்டாம்.

அடுத்தது, சட்டம் வெறும் ‘டிஃபென்ஸ்’னு சொல்றது. அதுக்கு கொஞ்சம் ஆதாரம் ரெக்கார்ட்ல வந்துட்டா போதும், அப்பறம் அது பொய்னு சந்தேகத்துக்கு இடமில்லாம காட்ட வேண்டியது அரசாங்கம். செக்‌ஷன் 8.02, விவரம் தப்பா நினைச்சுகிட்டது, இந்த வகை. ‘வீட்டுக்காரர் ஸ்கேன் பண்ணிட்டார்னு நியாயமா நம்பினேன்’ அப்படிங்கறது இதுக்குள்ள வருதுன்னு என் லாயர் சொன்னப்பதான் நான் அன்னிக்கு ஒழுங்கா சாப்பிட்டேன். தற்காப்பும் இந்த பக்கம்தான், 9வது சாப்டர். போலீஸே தூண்டிவிட்டு குற்றம் செய்ய வெச்சதும் இதே வகை.

மூணாவது, ‘அஃபர்மேட்டிவ் டிஃபென்ஸ்’. இங்க சுமை உங்க தலைல. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்ங்கற அளவுக்கு நீங்களே நிரூபிக்கணும். புத்தி சுவாதீனம் இல்லாம இருந்தது, உயிர் பயம் காட்டி மிரட்டி செய்ய வெச்சது எல்லாம் இதுல. சட்டம் தெரியாதுன்னு சொல்றது டிஃபென்ஸே இல்ல. நம்ம ஆளுங்க ‘நாங்க இந்த ஊருக்கு புதுசு’ன்னு ஆரம்பிப்பாங்க, அதுக்கு கோர்ட்ல மதிப்பு இல்ல.

கடைசியா, ஆதாரத்தை எடுத்த விதமே தப்புன்னு சொல்றது. டெக்சஸ் கிரிமினல் நடைமுறை சட்டத்துல 38.23னு ஒரு விதி இருக்கு, போலீஸ் மட்டும் இல்ல, வேற எந்த ஆளும் சட்டத்தை மீறி எடுத்த ஆதாரத்தையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரா பயன்படுத்தக்கூடாதுங்குது. ஆனா கடைக்காரங்க சந்தேகப்பட்டா நியாயமான நேரம் நிறுத்தி விசாரிக்க சட்டத்துல இடம் இருக்கு, அதனால என் கேஸ்ல இது ஓடல.

இங்க நான் பண்ணின தப்பை சொல்லணும். கடையோட உள் ரூம்ல உக்கார வெச்சப்ப நான் ‘சாரி, சாரி’ன்னு திரும்ப திரும்ப சொன்னேன். நமக்கு அது மரியாதை, யார் மேல தப்புன்னாலும் வாய்ல வந்துடும். ரிப்போர்ட்ல அது ‘ஒத்துக்கிட்டாங்க’ன்னு ஏறிடுச்சு. நீட்டின பேப்பர்லயும் படிக்காம கையெழுத்து போட்டேன். ‘பேசாம இருக்க உரிமை உண்டு’ன்னு சொல்லணும்ங்கற மிராண்டா விதி போலீஸ் கஸ்டடில வெச்சு கேள்வி கேக்கறப்பதான், கடை செக்யூரிட்டிக்கு அது கிடையாது. பேர் சொல்லுங்க, ஐடி காட்டுங்க, அதுக்கு மேல ‘லாயர் இல்லாம பேச மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன்’னு மெதுவா, மரியாதையா சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க.

ஸ்டெப் 5: வீடியோவை கேளுங்க

உங்க லாயர் கேட்டா பிராசிக்யூட்டர் (அரசாங்க வக்கீல்) தன்கிட்ட இருக்கற ஆதாரத்தை காட்டணும். அதே நடைமுறை சட்டத்துல ஆர்ட்டிகிள் 39.14, எல்லாரும் மைக்கேல் மார்ட்டன் சட்டம்னு சொல்வாங்க, 2014 ஜனவரி 1ல இருந்து. மனைவியை கொன்னதா 1987ல தண்டனை குடுத்து, கிட்டத்தட்ட 25 வருஷம் உள்ள இருந்து, டிஎன்ஏ டெஸ்ட்டால 2011ல வெளிய வந்தவர் அவர். அவருக்கு சாதகமான ஆதாரம் அவர் பக்கத்துக்கு காட்டப்படவே இல்ல. அவர் கதையை படிச்சிட்டு அன்னிக்கு நான் ரொம்ப அழுதேன், அவர் இழந்த வருஷங்களாலதான் என் லாயர் ஒரு லெட்டர் போட்டதும் பிராசிக்யூட்டர் ஃபைலை திறந்து காட்டினாங்க. வீடியோல நான் பையனை மாத்தி மாத்தி தூக்கறது, வீட்டுக்காரர் கீழ குனிஞ்சு ஏதோ எடுக்கறது, நான் அவரை பாத்துட்டு பில்லுக்கு கை நீட்டறது எல்லாம் இருந்தது. கேஸ் திரும்பினது அங்கதான். கடை கேமரா பதிவு எவ்வளவு நாள் இருக்கும்னு நம்ம கைல இல்ல, அழிக்காம வைக்க சொல்லி முதல் வாரமே லாயரை லெட்டர் போட சொல்லுங்க.

ஸ்டெப் 6: ‘டெஃபர்ட்’னு சொன்னா நில்லுங்க

நான் கிட்டத்தட்ட விழுந்த குழி இது, அதனால நீளமா எழுதறேன். வீடியோ வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஆஃபர் வந்தது, டெஃபர்ட் அட்ஜுடிகேஷன். கில்ட்டின்னோ நோ கான்டெஸ்ட்னோ சொல்லணும், ஜட்ஜ் குற்றவாளின்னு தீர்ப்பு எழுத மாட்டார், சில மாசம் புரொபேஷன் (கோர்ட் கண்காணிப்பு), ஒழுங்கா முடிச்சா டிஸ்மிஸ். டெக்சஸ் கண்ணுல அது தண்டனை ஆகாது. தெரிஞ்ச நாலு பேர் ‘உடனே எடுத்துக்கோ, நானும் அப்படித்தான் முடிச்சேன்’னாங்க. அந்த நாலு பேரும் சிட்டிசன்.

இமிக்ரேஷன் சட்டம் பெடரல், அதுல ‘தண்டனை’க்கு தனி அர்த்தம் இருக்கு. நீங்க கில்ட்டியோ நோ கான்டெஸ்டோ சொல்லி, ஜட்ஜ் உங்க மேல ஜெயிலோ ஃபைனோ கட்டுப்பாடோ ஏதாவது போட்டுட்டா அது ‘தண்டனை’ன்னே கணக்கு, தீர்ப்பு எழுதாம இருந்தாலும் சரி, பின்னாடி டிஸ்மிஸ் ஆனாலும் சரி. திருட்டு பொதுவா ஒழுக்கக்கேடான குற்றம்ங்கற வகைல சேரும். அதுலயும் கிளாஸ் ஏக்கும் பிக்கும் பெரிய வித்தியாசம்: அமெரிக்காவுக்குள்ள அட்மிட் ஆகி 5 வருஷத்துக்குள்ள செஞ்ச இந்த வகை குற்றத்துக்கு ஒரு வருஷமோ மேலயோ தண்டனை குடுக்க முடியும்னா அது நாடு கடத்தற காரணம் ஆகும். கிளாஸ் ஏயோட உச்ச தண்டனை சரியா ஒரு வருஷம், மாட்டிக்கும். பிக்கு 180 நாள், அந்த விதில மாட்டாது. 749 டாலருக்கும் 750 டாலருக்கும் நடுவுல ஒரு குடும்பத்தோட வாழ்க்கையே நிக்குது.

2010ல படில்லா கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கில்ட்டி சொன்னா நாடு கடத்தற ஆபத்து இருக்கான்னு கிரிமினல் லாயர் கிளையண்டுக்கு சொல்லியே ஆகணும்னு. கேளுங்க, எழுத்துல கேளுங்க. என் கருத்து, ஒரு இமிக்ரேஷன் லாயர்கிட்ட ஒரு மணி நேரம் காசு குடுத்து, கிரிமினல் லாயரோட போன்ல பேச வெச்சிடுங்க. நாங்க செலவு பண்ணினதுலயே உருப்படியான காசு அதுதான். ப்ரீ டிரையல் டைவர்ஷன்னு ஒண்ணு இருக்கு, கோர்ட்ல கில்ட்டி சொல்லாம முடிக்கறது, அது இதைவிட எவ்வளவோ பாதுகாப்பு, ஆனா அதுலயும் தப்பை ஒத்துக்கிட்டு கையெழுத்து கேக்கறாங்களான்னு பாக்கணும். எனக்கு அது வரைக்கும் போகல, வீடியோ பாத்துட்டு அவங்களே டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க.

அப்டேட் 1: ஒரு தம்பி எழுதியிருந்தார், வீட்ல சண்டை, மனைவி 911 அடிச்சாங்க, இப்ப அவங்களே கேஸை வாபஸ் வாங்கணும்ங்கறாங்க, முடியுமான்னு. நம்ம ஊர்ல ஸ்டேஷன்ல சமாதானம் பேசி எழுதி குடுத்துட்டு வர்ற பழக்கத்துல இது எல்லாருக்கும் வர்ற கேள்வி. இங்க கேஸ் மாநிலத்தோடது, அவங்களோடது இல்ல. வழக்கு வேண்டாம்னு அவங்க அஃபிடவிட் குடுக்கலாம், பிராசிக்யூட்டர் அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. தம்பி, வீட்டுக்கு போகக்கூடாதுன்னு ஆர்டர் இருந்தா அவங்களே கூப்பிட்டாலும் போகாதீங்க, அது புது சார்ஜ் ஆகும். அவங்களுக்கு பயமா இருந்தா அவங்களுக்கு தனியா உதவி கேட்டு குடுங்க, கேஸை மூடறது அதுக்கு அப்பறம்.

அப்டேட் 2: குடிச்சிட்டு ஓட்டின கேஸ்ல மாட்டினவங்க மூணு பேர் கேட்டுட்டாங்க. அதுல கிரிமினல் கேஸ் தனி, லைசன்ஸ் தனி. சஸ்பென்ஷன் நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள்ள ஹியரிங் கேக்கலன்னா லைசன்ஸ் தானா போயிடும், கோர்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. விசா ஸ்டாம்ப் தண்டனைக்கு முன்னாடியே, கைது ஆனதுக்கே ரத்து ஆகலாம், அதனால இந்தியா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் லாயரை கேளுங்க.

அப்டேட் 3: இது எனக்கும் தெரியாம இருந்தது, ஒரு அக்கா எழுதி காப்பாத்தினாங்க. டிஸ்மிஸ் ஆன கேஸோட ரெக்கார்டை அழிக்க எக்ஸ்பங்ஷன் போடலாம் (கிரிமினல் நடைமுறை சட்டத்துல 2025 ஜனவரில இருந்து 55ஏ சாப்டர், பழைய கைடுல 55னு இருக்கும்). ஆனா அழிச்சாலும் விசா ஃபார்ம்லயும் சிட்டிசன்ஷிப் ஃபார்ம்லயும் ‘எப்பவாவது கைது ஆனீங்களா’ன்னு கேப்பாங்க, சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல சைட்டேஷன்கூட கேள்வியா இருக்கு, மறைச்சா அதுவே பெரிய கேஸ். கோர்ட்டோட சர்டிஃபைடு டிஸ்மிஸல் காப்பியை கேப்பாங்க. ரெக்கார்ட் அழிஞ்சப்பறம் கிளார்க் ஆபீஸ்ல போய் கேட்டா அப்படி ஒரு கேஸே இல்லைம்பாங்க. அதனால எக்ஸ்பங்ஷன் பெட்டிஷன் போடறதுக்கு முன்னாடியே சீல் போட்ட காப்பி மூணு வாங்கிடுங்க. எங்க வீட்ல ஒண்ணு பாஸ்போர்ட்டோட, ஒண்ணு பேங்க் லாக்கர்ல, ஒண்ணு ஊர்ல அம்மாகிட்ட இருக்கு.