அருந்ததியை நிஜமாகவே பார்ப்பது எப்படி?

கல்யாணத்தில் பட்டப்பகலில் மேலே கையைக் காட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையாட்டுகிறார்கள். எனக்கு அது ஆறுவதில்லை. எங்கள் சொந்தத்தில் கல்யாணமான ஜோடிகளை வைகாசியில் ஒரு ராத்திரி மதுரையில் எங்கள் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுவிடுவேன்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். மே மாதமென்றால் ராத்திரி 9 மணி தோது. மாடி விளக்கை அணைத்து, செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு, கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும்.

அப்புறம் வடக்கே திரும்பி, பாதி உயரத்தில் தேடுங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த கரண்டி மாதிரி தெரியும். இடப்பக்கம் நான்கு நட்சத்திரங்கள் கிண்ணம், வலப்பக்கம் மூன்று காம்பு. சின்னதாக எதையோ தேடுவதால்தான் பலருக்கு அகப்படுவதில்லை. கையை நீட்டிச் சாண் விரித்தால், அதையும் தாண்டி நீளும்.

கிண்ணத்தின் இடது ஓரத்தில் மேலே புலகர், கீழே கிரது. அந்தக் கோட்டை அப்படியே கீழே ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரம்தான் இருக்கும். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தால் நகர்ந்து நில்லுங்கள்.

காம்பு கிண்ணத்தில் சேரும் மூலையில் இருப்பவர் அத்திரி, ஏழு பேரில் மங்கல். அவர் பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கு வானம் நன்றாக இருக்கிறது, அருந்ததியும் தெரிவாள். அவரே திணறினால் பைனாகுலரை எடுங்கள், சாதாரணமானதே போதும்.

அத்திரியிலிருந்து காம்பு வழியே ஆங்கிரசர், வசிஷ்டர், நுனியில் மரீசி. வசிஷ்டரில் நிறுத்துங்கள். அவரை ஒட்டினாற்போல, நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில், ஒரு சின்னப் புள்ளி. அதுதான் அருந்ததி. முறைத்துப் பார்த்தால் நழுவும். பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்துக் கடைக்கண்ணால் பாருங்கள், வந்து நிற்பாள். இருவரும் சுமார் 80 ஒளியாண்டு தொலைவில், ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகிறார்கள். இதைச் சொன்னதும் புதுப்பெண்கள் இன்னொரு தரம் பைனாகுலரைக் கேட்பார்கள்.

நேரம் இருந்தால் காம்பின் வளைவைத் தொடர்ந்து கிழக்கே போங்கள், ஆரஞ்சு நிறத்தில் சுவாதி; இன்னும் தெற்கே போனால் வெள்ளையாகச் சித்திரை. ஆகஸ்ட் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்போது இருட்டும்போதே எல்லாம் வடமேற்கில் சரிந்திருக்கும்.