முதல் மூன்று மணி நேரம் சுள்ளி மட்டும்

மானாமதுரையில் எங்களுக்கு வேலை நெருக்கும் காலம் மார்கழி. பொங்கல் பானைக்கு அடுத்தடுத்துச் சூளை வைத்தாக வேண்டும், பனியோ பானையைக் காயவிடாது. ஒரு வாரம் நிழலில் இருந்த பானைகூட உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். உச்சி வேளையில் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அதை அடுக்காதீர்கள், வெயிலில் போடுங்கள்.

பெரிய பானைகளைக் கவிழ்த்து அடியிலும், சிறியவற்றை மேலேயும் அடுக்குங்கள். பானைகள் தொட்டுக்கொண்டிருக்கலாம், ஆனால் நெருப்பு ஏற இடுக்கு வேண்டும். மேலே உடைந்த ஓடுகள், அதன்மேல் வைக்கோல், கடைசியாகச் சேற்றுப் பூச்சு. புகை போக நான்கைந்து துளைகள் விடுங்கள்.

இனி நிதானம் வேண்டும். முதல் மூன்று மணி நேரம் அடுப்பு வாயில் சுள்ளியும் பனை மட்டையும் மட்டும், அதுவும் வாசலோரமாக. புகைத் துளைக்கு மேல் ஓர் எவர்சில்வர் தட்டைச் சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள். தட்டில் நீர் முத்து முத்தாகப் பூத்தால் பானை இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. தட்டு உலர்ந்தே வரும்வரை விறகைத் தொடக்கூடாது. ஒரு வருடம் விடியற்காலையில் வண்டி வருகிறது என்று முதல் மணி நேரத்திலேயே கருவேலங்கட்டையைத் தள்ளிவிட்டேன். உள்ளே பட்டாசுபோல் வெடித்தது. அறுபது பானையில் இருபத்து மூன்று போயின. வெளியேற வழியில்லாத நீராவி மண்ணைப் பிளந்துவிடும், தெறிக்கும் சில்லு பக்கத்துப் பானையையும் உடைக்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தட்டு உலர்ந்த பிறகு விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கரும்புகை கக்கினால் விறகு அதிகம், காற்று குறைவு. புகை தெளிந்த பிறகே அடுத்த கட்டை. துளை வழியாகப் பார்த்தால் பானைகள் முதலில் மங்கலாகச் சிவக்கும். பிறகு கோவைப்பழச் சிவப்பு, அதைத் தாண்டி மெல்ல மஞ்சள் கலக்கும். ஏறக்குறைய 800 டிகிரி. அந்த நிறத்தை அரை மணி நேரம் நிறுத்திப் பிடியுங்கள். பிறகு வாயைக் கல்லும் சேறும் வைத்து அடைத்துவிடுங்கள்.

மறுநாள் முழுவதும் சூளைப் பக்கமே போகாதீர்கள். களிமண்ணில் நாம் கலக்கும் மணல் 573 டிகிரியில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே சூட்டில் சட்டென்று சுருங்கும். அந்நேரம் குளிர்காற்று பட்டால் நன்றாக வெந்த பானையும் மயிரிழையாகக் கீறிவிடும். மேல் ஓட்டைக் கையால் தொட முடிந்தால்தான் பிரிக்கலாம்.

ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் வெந்துவிட்டது. மொத்தென்று ஒலித்தால் கீறல் தேடுங்கள். கீறல் இல்லையென்றால் வேகவில்லை என்று பொருள். ஓர வரிசையில் அப்படி இரண்டு மூன்று இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த சூளையில் நடுவில் வைத்து மறுபடி வேகவைக்கலாம்.