ஸ்கோர் பூஜ்யம், ஆக்சிஜன் 84: நிமோனியாவில் இறப்பு அபாயக் கணிப்பு சறுக்கும் இடங்கள்

நோயாளிக்கு வயது 28. ஆக்சிஜன் 84 சதவீதம். நிமிடத்துக்கு 28 மூச்சு. ரத்த அழுத்தம், நினைவு, யூரியா எல்லாம் நார்மல். நிமோனியாவின் தீவிரத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடும் கர்ப்-65 ஸ்கோரைப் போட்டுப் பார்த்தால் பூஜ்யம் வருகிறது. வீட்டுக்கு அனுப்பலாம் என்கிற ரகம். அனுப்புவீர்களா?

மாட்டீர்கள். ஆனால் அந்தப் பூஜ்யத்தை நம்பியே முடிவெடுப்பது அடிக்கடி நடக்கிறது. 2003-இல் வந்த கர்ப்-65 பார்ப்பது ஐந்தே விஷயங்களை: புதிதாக வந்த குழப்பம், ரத்தத்தில் உயர்ந்த யூரியா, 30-ஐத் தொட்ட மூச்சு வேகம், தாழ்ந்த ரத்த அழுத்தம், 65-ஐத் தொட்ட வயது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக்சிஜனுக்கு அதில் இடமே இல்லை. 1997-இல் வந்த பி.எஸ்.ஐ. என்கிற இன்னொரு நிமோனியா ஸ்கோர் 20 விஷயங்களைப் பார்க்கும், ஆனால் வயதை அப்படியே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடும். 80 வயது ஆண் என்றால் எடுத்த எடுப்பிலேயே 80. இளைஞர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் அபாயம் குறைந்த கீழ் வகுப்பிலேயே நின்றுவிடலாம். யாரைத் தைரியமாக வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று கண்டறியத்தான் பி.எஸ்.ஐ. உருவானது. ஐ.சி.யூ. தேவையா என்று அதனிடம் கேட்பது ஆள் மாறிக் கேட்பது போல. அந்தக் கேள்விக்கு அமெரிக்க மார்பு நோய், தொற்றுநோய் சங்கங்களின் 2007 வழிகாட்டியில் உள்ள சிறு அளவுகோல்கள் பொருத்தம். ஒன்பதில் மூன்று இருந்தாலே கடும் நிமோனியா.

சரி, ஸ்கோர் சரியானதுதான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போடும் எண் தப்பாக இருந்தால்?

யூரியாவில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். கர்ப்-65-இன் வரம்பு லிட்டருக்கு 7 மில்லிமோல். அதை மில்லிகிராமில் சொன்னால் டெசிலிட்டருக்கு யூரியா சுமார் 42, பி.யூ.என். (யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும் எண்) என்றால் சுமார் 20. சில லேப்கள் யூரியாவைத் தரும், சில பி.யூ.என். தரும். ரிப்போர்ட்டில் யூரியா 30 என்று இருக்க, மனதில் இருக்கும் 20-ஐ வைத்து ஒப்பிட்டால் சும்மா ஒரு புள்ளி ஏறிவிடும். திருப்பிச் செய்தால் வரவேண்டிய புள்ளி காணாமல் போகும்.

அடுத்தது மூச்சு எண்ணிக்கை. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் வார்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றே இருக்கும். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சுவிடுவார்களா என்ன! கடிகாரத்தை வைத்து முழு நிமிடம் எண்ணினால்தான் 32 என்பது தெரியவரும். குழப்பமும் இப்படித்தான். காது கேளாதவரைக் குழம்பியவர் என்று எழுதிவிடுகிறோம். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர் இன்று கூடுதலாகக் குழம்பியிருப்பதைக் கோட்டை விடுகிறோம். கூட வந்தவரிடம் 'நேற்று எப்படிப் பேசினார்?' என்று கேட்டால் போதும்.

அப்புறம், காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் வெள்ளணு கூடவில்லை என்று நிம்மதி அடைவது. உடல் 36 டிகிரிக்குக் கீழே குளிர்வதும் வெள்ளணு 4000-க்குக் கீழே இறங்குவதும் மேலே சொன்ன சிறு அளவுகோல்களிலேயே வருபவை. நல்ல செய்தி போலத் தெரியும் கெட்ட செய்தி.

அட்மிஷன் அன்று போட்ட ஸ்கோரை நான்காம் நாள் வரை சுமந்துகொண்டு திரிவதும் தவறுதான். அது அந்த நேரத்துப் படம், அவ்வளவே. மூன்று நான்கு நாளில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாதியாகக் கூடக் குறையவில்லை, மூச்சு வேகம் இறங்கவில்லை என்றால் முதல் நாள் ஸ்கோர் என்ன சொன்னாலும் மறுபடி யோசிக்க வேண்டும்.

கணினி மாடல் செய்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் தரவைக் கொடுத்துப் பழக்கிய ஒரு மாடல் விசித்திரமான விதியைக் கற்றுக்கொண்டது: ஆஸ்துமா இருந்தால் இறப்பு அபாயம் குறைவு. தரவில் அது உண்மைதான். ஆஸ்துமாக்காரர்களை டாக்டர்கள் நேராக ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்க் கவனித்ததால் பிழைத்தார்கள். மாடலுக்கு அந்தக் கவனிப்பு தெரியாது. அதை நம்பி ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றும் இதே பொறி வேறு வேஷத்தில் வருகிறது. லாக்டேட் (நிலை மோசமானால் ரத்தத்தில் கூடும் பொருள்) பார்க்கப்படாதவர் பெரும்பாலும் அவ்வளவு மோசமாகத் தெரியாதவர். அந்த வெற்றிடத்தைச் சராசரியால் நிரப்பினால் தகவலே அழிந்துவிடும். வென்டிலேட்டரில் வைத்ததை ஒரு காரணியாகச் சேர்த்துவிட்டு, அட்மிஷன் நேரத்திலேயே கணிக்கிறோம் என்பது விடைத்தாளைப் பார்த்து எழுதுவது. நூறில் பத்துப் பேர் இறக்கும் கூட்டத்தில் எல்லோரும் பிழைப்பார்கள் என்று சொன்னாலே 90 சதவீதத் துல்லியம் வந்துவிடும், அதனால் அந்த எண்ணைக் காட்டி யாரும் பெருமைப்பட வேண்டாம்.

சதவீதத்துக்கு வருவோம். கர்ப்-65 உருவான ஆய்வில் பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நாடுகளின் 1068 நோயாளிகள் இருந்தார்கள். அதில் ஸ்கோர் 3 என்றால் 30 நாளில் இறப்பு 17 சதவீதம், 5 என்றால் 57. அது அந்தக் கூட்டத்தின் கணக்கு. வேறு மருத்துவமனையில், வேறு கிருமிகளோடு, வேறு வசதிகளோடு அதே ஸ்கோருக்கு இறப்பு கூடலாம், குறையலாம். ஸ்கோர் 5 வந்தவர்களிலும் நூற்றுக்கு 43 பேர் பிழைத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துச் சிகிச்சையைத் தளர்த்திவிட்டு, அவர் இறந்தபின் கணிப்பு பலித்தது என்று குறித்துக்கொள்வதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை. குடும்பத்தாரிடமும் '57 சதவீதம்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'இப்போது நிலை மோசம்தான். நாளைக் காலை மூச்சும் பி.பி.யும் எப்படி என்று பார்த்துவிட்டு மறுபடி பேசுகிறேன்' என்று சொல்லிவிட்டு, காலையில் போய்ப் பேசுங்கள்.