வீட்டில் ஓடியது, கடையில் நின்றது

மதுரை கீழமாசி வீதியில் மாமாவின் மளிகைக் கடைக்கு ஜாவாவில் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். திருமங்கலத்தில், என் லேப்டாப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை. கடையில் நாலைந்து பில் ஒழுங்காக வந்தது, அப்புறம் ஒருவர் பெயரைச் சொல்லாமல் கடன் பில் கேட்டதும் 'நோசச்மெத்தட் எர்ரர்' (அப்படி ஒரு மெத்தட், அதாவது ஜாவாவில் தயாராக இருக்கும் கட்டளை, இல்லை என்ற பிழை), பக்கத்தில் 'இஸ்பிளாங்க்' என்று காட்டி நின்றுவிட்டது. பெயர் காலியா என்று பார்க்க நான் போட்டிருந்த மெத்தட் அது. "மாப்ள, லோடு ஏத்த ஆள் நிக்கிறாங்கப்பா" என்கிறார் மாமா.

கடைக் கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் ஜாவா வெர்ஷனைப் பார்த்தேன்: 1.8, அதாவது ஜாவா 8. என்னிடம் இருப்பது 17. அந்த மெத்தடோ 2018இல் ஜாவா 11 உடன்தான் வந்தது. ஜாவா 8இல் ஓட வேண்டும் என்று சோர்ஸ் 8, டார்கெட் 8 கொடுத்துத்தானே கம்பைல் செய்தேன் (எழுதியதை ஜாவா ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினேன்)? சோர்ஸ் எழுதும் விதத்தையும், டார்கெட் கிளாஸ் ஃபைலின் (கம்பைல் ஆகி வரும் ஃபைல்) வடிவத்தையும் மட்டும்தான் பழைய வெர்ஷனுக்குக் கட்டுப்படுத்தும். எந்தெந்த மெத்தட் இருக்கிறது என்பதைக் கம்பைலர் என் 17இன் லைப்ரரியில்தான் (மெத்தட்களின் தொகுப்பு) பார்த்துக்கொள்ளும், அதனால் அந்த வரி ஓடும்வரை தவறு வெளியே தெரியாது. கம்பைலர் ஒரு எச்சரிக்கை காட்டியிருந்தது, நான் கவனிக்கவில்லை.

சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு, முன்னால் இரண்டு கோடு போட்டு 'ரிலீஸ் 8' என்று கொடுத்தேன்; அது மெத்தட்களையும் ஜாவா 8இன் பட்டியலில்தான் தேடும். இப்போது கம்பைல் ஆகும்போதே மூன்று வரிகளைப் பிடித்துக் கொடுத்தது. மூன்றிலும் டிரிம் செய்து (முன்பின் இடைவெளியை நீக்கி) இஸ்எம்ப்டி (காலியா என்று பார்க்கும் பழைய மெத்தட்) என்று மாற்றினேன். எடை மெஷின் சாஃப்ட்வேர் ஜாவா 8இல் ஓடுவதால் கடைக் கம்ப்யூட்டரின் ஜாவாவில் கைவைக்கவில்லை. லோடு பதினொரு மணிக்குக் கிளம்பியது.