இரண்டு எல்இடியை வைத்து போர்வெல் தண்ணீரின் பிஎச் பார்க்கலாம்

எல்இடி மேல் வெளிச்சம் விழுந்தால் அது கொஞ்சூண்டு மின்சாரம் தரும். அமெரிக்கரான ஃபாரஸ்ட் மிம்ஸ் 1970களிலேயே இதைப் பயன்படுத்தினார். பிறகு டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் டெர்மட் டயமண்ட் குழுவினர் ஒரு எல்இடியை விளக்காகவும், எதிரே இன்னொன்றைக் கண்ணாகவும் வைத்து ரசாயன சென்சார்கள் செய்தார்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரின் பிஎச்சை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்ணை, பார்க்க நான் செய்ததும் அதே வழிதான்.

வேண்டியவை: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு), ஆரஞ்சு எல்இடி, சிவப்பு எல்இடி (இரண்டுக்கும் மூடி நிறமில்லாமல் இருக்கட்டும்), 330 ஓம் ரெசிஸ்டர், ஹோமியோபதி மாத்திரை வரும் வெள்ளைக் கண்ணாடிக் குப்பி, அது நுழையும் பிவிசி குழாய்த் துண்டு. மீன் தொட்டிக் கடையில் பிஎச் பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கும். மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறும் வகையாகக் கேளுங்கள். அது புரோமோதைமால் புளூ.

முதலில் குழாயில் நேரெதிராக இரண்டு துளை போட்டு எல்இடிகளைச் செருகுங்கள். ஆரஞ்சுதான் விளக்கு, சிவப்புதான் கண். மாற்றிவிடாதீர்கள்: எல்இடி தான் உமிழும் நிறத்தையும் அதைவிட அலைநீளம் குறைந்ததையும்தான் பார்க்கும். வெளியே கறுப்பு டேப் சுற்றி, மேலே ஒரு மூடி. நான் டேப் சுற்றாமல் டியூப்லைட்டின் கீழ் வைத்துவிட்டு, எண்கள் குதிப்பதைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்க புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒயரிங். ஆரஞ்சின் நீளக் கால் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு. சிவப்பை அப்படியே தலைகீழாக: குட்டைக் கால் 2ஆம் பின்னுக்கு, நீளக் கால் கிரவுண்டுக்கு.

புரோகிராம் சின்னது. 2ஆம் பின்னை அவுட்புட்டாக்கி ஒரு கணம் 5 வோல்ட் கொடுங்கள்; எல்இடி குட்டி கெபாசிட்டர் போல நிரம்பும். உடனே பின்னை இன்புட்டாக மாற்றி, அது பூஜ்யமாகப் படிக்கும்வரை எத்தனை மைக்ரோசெகண்ட் என்று எண்ணுங்கள். வெளிச்சம் அதிகமானால் சீக்கிரம் வடியும், குறைந்தால் இழுக்கும். இன்புட்டில் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் உள் ரெசிஸ்டர்) போட்டுவிட்டால் வடியவே வடியாது. நாம் அளப்பது நேரத்தை மட்டும். ஆம்ப்ளிஃபையர் செலவு மிச்சமாவது அதனால்தான். 20 முறை எடுத்து சராசரி போடுங்கள்.

சரி, தண்ணீர். மருந்து விடாமல் ஒரு முறை நேரம் எடுத்தே ஆக வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அளப்பதானால், மேட்டூர் திறந்து செம்மண் கலங்கி வரும்போது மண்ணும் வெளிச்சத்தை மறைக்கும் அல்லவா? பிறகு அதே குப்பியில் மருந்து விட்டு மறுபடி எடுங்கள். இரண்டாவது நேரத்தை முதலாவதால் வகுத்து, 10 அடிமான மடக்கை (log) எடுத்தால் மருந்தின் நிறம் மட்டும் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்று தெரியும்.

இதே கணக்கை எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்ட தண்ணீருக்கும் (மஞ்சள்), சமையல் சோடா போட்டதற்கும் (நீலம்) செய்யுங்கள். மருந்துச் சொட்டுகளின் எண்ணிக்கை மாறக்கூடாது. உங்கள் தண்ணீர் இரண்டுக்கும் நட்ட நடுவில் நின்றால் பிஎச் ஏறத்தாழ 7.1. இந்த மருந்து 6 முதல் 7.6 வரைதான் பேசும். 8ஐ ஒட்டி நிற்கும் இறால் குட்டைக்கு பீனால் ரெட் என்ற சொட்டு மருந்தை வாங்கி, ஆரஞ்சுக்குப் பதில் பச்சை எல்இடி போடுங்கள். கண் சிவப்பாகவே இருக்கலாம்.

குப்பியின் கண்ணாடி எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்காது. கழுத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி விளக்கைப் பார்க்கும்படி இறக்குங்கள்.