பேனல் சூடானால் மின்சாரம் கூடுமா? வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோலார் சோதனை

இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "கூடும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் தாங்களாகவே சோதித்து, சந்தேகப்பட்டு, மறுபடி சோதிக்க வேண்டும்.

வேண்டியவை: 6 வோல்ட், 1 வாட் சோலார் பேனல் (12 செல் உள்ளது), மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி), கிளிப் வைத்த வயர்கள், 33 ஓம் ரெசிஸ்டர், அட்டை, ஈரத்துணி. ரெசிஸ்டர் 2 வாட் தாங்குவதாக இருக்கட்டும். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும்.

படி 1: அளப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தன் ஊகத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும், பேனாவால். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். எழுதாத ஊகம், விடை தெரிந்ததும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

படி 2: நிழலில் இருந்த பேனலை உச்சி வெயிலில் வைத்து, உடனே வோல்ட் அளவைக் குறியுங்கள் (மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்). ரெசிஸ்டர் இப்போது வேண்டாம். 7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். பேனலை அசைக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். எண் மெல்ல இறங்கும்.

"மேகம் வந்திருக்கும் சார்" என்று ஒரு குரல் வரும். நல்ல சந்தேகம், தட்டிக்கழிக்காதீர்கள். "சரி, மேகமா சூடா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள். அப்புறம் பேனலின் முதுகில் ஈரத்துணியை ஒட்டி வையுங்கள். முகப்பில் விழும் வெளிச்சம் மாறவில்லை, சூடு மட்டும் குறைகிறது. எண் மறுபடி ஏறும். மேகம் காரணமில்லை என்று அந்தப் பிள்ளையே சொல்வதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரு டிகிரி சூடேறினால் ஒரு சிலிக்கான் செல் (பேனலில் தனித்தனியாகத் தெரியும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு செல்) சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கும். நம் பேனலின் 12 செல்லும் 25 டிகிரி சூடேறினால் 0.6 வோல்ட் குறையும். இந்தக் கணக்கைக் கடைசியில் போடுங்கள்.

படி 3: ரெசிஸ்டரை இணைத்து, அதன் இரு முனைகளிலும் அளவிடுங்கள். ஒரு செல் அளவுக்கு அட்டையை வெட்டி, ஒரு செல்லை முழுதாக மூடுங்கள். அளவு தடாலென்று விழும். அதே அட்டையைத் திருப்பி, பல செல்களின் ஓரத்தில் படும்படி வையுங்கள். கொஞ்சம்தான் குறையும். (12 செல்லும் ஒரே வரிசையில் இருக்கும் பேனலில் இது தெளிவாகத் தெரியும்.)

மறைத்த பரப்பு ஒன்றுதான், அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? செல்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. கைமாற்றிக் கைமாற்றி வாளி கொண்டுபோகும் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? அதேதான்.

வீட்டுப்பாடமாக, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு எங்கே விழுகிறது என்று வரைந்து வரச் சொல்லுங்கள். பேனலை எங்கே வைப்பது என்று அவர்களே வாதாடட்டும்.