சிபாப் இல்லாத ராத்திரியைச் சமாளிப்பது எப்படி?

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்காமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் சிபாப் மெஷினோடு தூங்கிப் பழகியவர்களுக்கான பதிவு இது. மாஸ்க் மாட்டுவது, பிரஷர் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. மெஷின் பழுதாகிவிட்டது, கரண்ட் இல்லை, பயணத்தில் அடாப்டரை விட்டுவிட்டு வந்தாயிற்று, சளியில் மூக்கடைத்து மாஸ்க்கே வைக்க முடியவில்லை என்று ஓர் இரவோ இரண்டு இரவோ மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது மட்டும்தான் விஷயம்.

"இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேனே, இனி மெஷின் எதற்கு?" என்பவர்களுக்கு இது உதவாது. காற்றழுத்தம் தொண்டையைத் திறந்து பிடிக்கிறது, அவ்வளவுதான். அது நின்றால் தொண்டைத் தசை பழையபடி தளர்ந்து அடைக்கும். முதல் இரவு "பரவாயில்லையே" என்று தோன்றலாம், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். 2 வாரம் மெஷினை நிறுத்திப் பார்த்த ஆய்வில் மூச்சுத்தடை திரும்பியதோடு காலை நேர ரத்த அழுத்தமும் ஏறியது.

முதலில்: நீங்கள் இதைச் செய்யலாமா?

பைபாப் (மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட வேறோர் அழுத்தம் தரும் மெஷின்) பயன்படுத்துகிறவர்கள், இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருப்பவர்கள், உடல் பருமனால் பகலிலும் மூச்சு குறைவாக இருப்பவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வலி மாத்திரையில் இருப்பவர்கள் கீழே உள்ளதை வைத்துச் சமாளிக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்றவர்களும் இரண்டு, மூன்று இரவுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் உடனே மாற்று மெஷினுக்கு வழி பாருங்கள்.

1. மெஷினை ஓட வைக்க வழி இருக்கிறதா?

பிரச்சினை கரண்ட் மட்டும்தான் என்றால் பேட்டரி போதும். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரையும் சூடாகும் டியூபையும் அணைத்துவிடுங்கள். மின்சாரத்தை அதிகம் குடிப்பவை அந்த இரண்டும்தான், காற்றை ஊதும் மோட்டாருக்குத் தேவைப்படுவது அதைவிட மிகக் குறைவு. தொண்டை கொஞ்சம் வறளும், ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை.

போன் சார்ஜ் செய்யும் சாதாரண பவர் பேங்க் இதற்கு ஆகாது. மெஷின்கள் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் கேட்கும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதைவிட டிசி கேபிளில் பேட்டரியை நேராக இணைப்பதுதான் என் கட்சி. மின்சாரத்தை இரண்டு முறை மாற்றி வீணாக்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டர்தான் இருக்கிறது என்றால் அது வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். எதை வாங்கினாலும், கரண்ட் இருக்கும் ஒரு நாளிலேயே முழு இரவு அதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு உங்கள் பிரஷருக்குப் பொருந்த வேண்டும் என்று இல்லை.

பரணில் பழைய மெஷின் கிடந்தால் எடுக்கலாம், ஆனால் மாடலையும் சீரியல் எண்ணையும் பார்த்துவிட்டு. பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் உள்ளே இருக்கும் ஒலிதடுப்பு ஃபோம் சிதைவதைக் காரணம் காட்டிப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. இன்னொருவரின் மெஷினை அவருடைய செட்டிங்கிலேயே போட்டுக்கொள்ளவும் வேண்டாம். பிரஷர் ஆளுக்கு ஆள் வேறு.

நடு ராத்திரியில் கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். காற்று ஓடினால்தான் நீங்கள் விட்ட மூச்சு வெளியே தள்ளப்படும். நின்ற மெஷினோடு மாஸ்க்கை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது.

2. சாயங்காலம் தவிர்க்க வேண்டியவை

மது வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், அடைப்பு ஏற்பட்டால் விழித்துக்கொள்ளும் அனிச்சையையும் மழுங்கடிக்கும். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன மாத்திரை என்றால் நீங்களாக நிறுத்தாமல் அவரைக் கேளுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உப்பு நீரில் கழுவுங்கள், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் இதற்குச் சரி. மூக்கடைப்புச் சொட்டு மருந்து உடனே திறந்துவிடும்தான், ஆனால் 3 நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பைக் கொண்டுவரும். பிபி இருப்பவர்கள் கேட்காமல் போடவே வேண்டாம்.

3. சரிவு: எனக்குத் தண்ணி காட்டிய இடம்

"தலையை உயர்த்திப் படுங்கள்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எப்படி உயர்த்துவது என்று யாரும் சொல்வதில்லை. நாம் உடனே செய்வது இரண்டு, மூன்று தலையணையை அடுக்குவது. அப்படிச் செய்தால் உடம்பு தட்டையாகவே கிடக்க, கழுத்து மட்டும் மடங்கி, தாடை நெஞ்சில் போய் முட்டும். தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்த கதைதான். குறட்டை குறையாது, கூடும்.

உயர வேண்டியது தலை மட்டும் அல்ல, இடுப்பிலிருந்து மேலே முழுவதும். சரிவுத் தலையணை இருந்தால் அதன் கீழ் விளிம்பு இடுப்புக்கு வரும்படி போடுங்கள், தோளுக்குக் கீழே செருகினால் மறுபடி அதே மடிப்பு. அது இல்லையென்றால் கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் உறுதியான கட்டை வைக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் முதுகு எங்கும் மடங்குவதில்லை. கட்டிலை நகர்த்த முடியாத இடத்தில் கெட்டியான மெத்தைத் துண்டுகளை மெத்தைக்கு அடியில் கொடுங்கள். மேலே போட்டால் விடிவதற்குள் நழுவிவிடும்.

படுத்துப் பார்த்துவிட்டு ஒரு சோதனை: தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் முஷ்டி தாராளமாக நுழைகிறதா? நுழையாவிட்டால் தலைக்குக் கீழே இருக்கும் தலையணையை மெல்லியதாக்குங்கள். கீழே சறுக்கினால் தொடைக்கு அடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வையுங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் இந்தக் கட்டுமானம் எதுவுமே வேண்டாம், அதிலேயே தூங்கிவிடலாம்.

4. ஒருக்களித்துப் படுப்பது, அப்படியே இருப்பது

மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்ளண்ணமும் பின்னால் சரியும். ஆகவே பக்கவாட்டில் படுக்க வேண்டும். படுப்பது சுலபம், தூங்கிய பிறகும் புரளாமல் இருப்பதுதான் பாடு. முதுகில் டென்னிஸ் பந்து தைத்த பனியன் என்பது பழைய உபாயம். பனியன் தளர்வாக இருந்தால் பந்து விலாவுக்கு நகர்ந்துவிடும், பிறகு அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். துணி திணித்த சின்ன முதுகுப்பையை மாட்டிக்கொண்டு படுப்பது என் தேர்வு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பக்கவாட்டில் தலையணையின் உயரம் தோள் நுனியிலிருந்து கழுத்து வரை உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று. எந்தப் பக்கம் என்பது உங்கள் வசதி. நெஞ்செரிச்சல் இருந்தால் இடப்பக்கம்.

இது உங்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பது உங்கள் தூக்கப் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கும். மல்லாந்த நிலை ஏஹெச்ஐ (ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்கும் அல்லது குறையும் தடவைகள்), மற்ற நிலைகளைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். இரண்டும் ஒரே மாதிரி என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முதுகுப்பையிலேயே காரியம் முடிந்துவிடும் என்றால் கடுமையான ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்) உள்ளவர்களுக்கு ஒரு காலத்தில் தொண்டையில் துளை போட்டிருக்க மாட்டார்கள். மருத்துவர் கொலின் சல்லிவன் சிட்னியில் சிபாப்பை உருவாக்கி 1981இல் வெளியிடும் வரை அவர்களுக்கு இருந்த வழி அதுதான்.

5. தூக்கம் வராவிட்டால்

மெஷின் இரைச்சலுக்கும் மூக்கில் படும் காற்றுக்கும் பழகியவருக்கு அமைதியே தொந்தரவாகும். ஒரு மின்விசிறியை முகத்துக்குப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டால் காலையில் குறட்டை எப்படி இருந்தது என்று கேட்கலாம். பக்கத்தில் யாராவது படுத்திருந்தால், மூச்சு நின்று திணறுவது தெரிந்தால் தட்டித் திருப்பிப் போடச் சொல்லிவையுங்கள்.

காலையில் தலைவலியோ அசதியோ இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள். கார், பைக் இரண்டும்தான். காபி குடித்தால் தெளிவு வந்த மாதிரி இருக்கும், தூக்கக் கடன் அப்படியே இருக்கும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

வாயில் டேப் ஒட்டலாமா? மெஷின் இல்லாத இரவில் வேண்டவே வேண்டாம். மூக்கு அடைத்தால் இருக்கும் ஒரே வழியையும் நாமே மூடியதாகிவிடும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வீட்டில் இருக்கிறது, போதுமா? போதாது. அடைத்த தொண்டையை அது திறக்காது. ஆக்சிஜன் அளவைத் தூக்கிக் காட்டிக்கொண்டே மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டவும் கூடும்.

தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவி? பல் மருத்துவர் உங்கள் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது என்றால் நல்ல மாற்றுதான், பயணத்துக்கு வசதி. ஆனால் சரிப்படுத்திப் பழக வாரக்கணக்கில் ஆகும். இன்று இரவுக்கு ஆகாது.

விமானத்தில் பேட்டரி? லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மெஷினையும் கைப்பையிலேயே வையுங்கள். அதற்கு முன் ஹியூமிடிஃபயர் தொட்டியில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது மோட்டாருக்குள் போய், இறங்கியதும் இந்தப் பதிவைத் தேட வேண்டிவரும்.